பம்பிங் நார்மல்தான், அப்புறம் ஏன் மூச்சு வாங்குகிறது?

[திரையில்: எக்கோ ரிப்போர்ட். 'பம்பிங் 60%' என்ற வரி பெரிதாகிறது]

எக்கோ, அதாவது இதய ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது இந்த எண்ணைத்தான். 60 என்றால் நிம்மதி. ஆனால் எடை அதிகமுள்ள ஒருவருக்கு ஒரு மாடி ஏறினால் இரைக்கிறது. குனிந்து செருப்பு வாரை மாட்டுவதற்குள் மூச்சு முட்டுகிறது. சாயங்காலம் கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கிறது.

இதுவும் ஹார்ட் ஃபெயிலியராக இருக்கலாம். இதயம் நின்றுபோவது என்று அர்த்தமில்லை, தன் வேலையைச் செய்யத் திணறுவது. சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவது, தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வது என்று இதயத்துக்கு இரண்டு வேலை. அந்த 60 முதல் வேலைக்கான மார்க். உடல் பருமன் அதிகம் கெடுப்பது இரண்டாவதை.

[திரையில்: இதயத்தின் குறுக்குவெட்டு, சுவர் மெல்லத் தடிக்கிறது]

எடை கூடக்கூட உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவும் கூடுகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொள்ள, பிரஷரும் ஏறுகிறது. வருஷக்கணக்கில் இந்தப் பாரத்தைத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடிக்கிறது. ஜிம்முக்குப் போனவர் கை மாதிரி என்று சந்தோஷப்பட முடியாது. தடித்த சுவர் விறைத்துப்போய், தளர மறுக்கிறது. உள்ளே இடம் கிடைக்காத ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்குகிறது. மூச்சிரைப்பு அங்கிருந்துதான்.

தொப்பைக்குள் குடலைச் சுற்றிய கொழுப்பும் சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இதயத்தின் மேலேயே படியும் கொழுப்பு இன்னும் மோசம். இதயத்தைச் சுற்றிய வெளியுறை சட்டென்று விரியாது, நடுவில் மாட்டி நசுங்குவது இதயம்.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் நடக்கும் ஆய்வு இதை 2002இல் கணக்கிட்டது. உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் பிஎம்ஐ ஒரு புள்ளி கூடினால், ஹார்ட் ஃபெயிலியர் அபாயம் ஆண்களுக்கு 5, பெண்களுக்கு 7 சதவீதம் கூடுகிறது. 165 செ.மீ. உயரமானவருக்கு ஒரு புள்ளி என்பது மூன்று கிலோகூட இல்லை.

[திரையில்: ரத்தப் பரிசோதனைக் குழாய்]

இன்னொரு சிக்கல். இதயம் திணறுவதைக் காட்டும் பிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை, பருமனானவர்களுக்குக் குறைவாகவே காட்டும். எக்கோ நார்மல், ரத்தம் நார்மல், "வெயிட்டைக் குறைங்க, சரியாயிடும்" என்று அனுப்பிவிடுவார்கள்.

அதனால் டாக்டரிடம் செருப்பு வார் கதையையும் சொல்லுங்கள். ராத்திரி எத்தனை தலையணை வைத்தால் தூங்க முடிகிறது என்பதையும். எக்கோ ரிப்போர்ட்டில் 'டயஸ்டாலிக்' என்று ஒரு வரி இருக்கும், அது இதயம் தளரும் வேலையைப் பற்றியது. அதைக் காட்டிக் கேளுங்கள்.