ஏப்ரலில் யாரைக் கொண்டாடுவது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சித்திரைப் புழுக்கத்தையும் பொறுத்துக்கொண்டு இந்தப் பந்தலில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"ஏப்ரல் மாதத்தில் நாம் பெரிதும் கொண்டாட வேண்டியவை தலைவர்களின் நாள்களா, மக்களின் நாள்களா?" என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. மக்களின் நாள்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நாள்காட்டியைப் புரட்டிப் புரட்டிப் பேசினார். ஏப்ரல் 12 ககாரின் விண்வெளிக்குப் போன நாள், 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள், 29 பாரதிதாசன் பிறந்த நாள் என்று அடுக்கினார். முடிவில், "பெயர் இல்லாத ஒரு கூட்டத்தை எப்படி ஐயா கொண்டாடுவது?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

1930, ஏப்ரல் 13. திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்படுகிறார்கள். முன்னால் நடப்பவர் ராஜாஜி. ஏறத்தாழ 150 மைல், கோடை வெயில், நடைப்பயணம். கத்தியின்றி ரத்தமின்றி யுத்தமொன்று வருகுது என்று நாமக்கல் கவிஞர் எழுதியது இந்தப் படைக்காகத்தான். இதுவரைக்கும் எதிரணிக்குச் சாதகமாகத்தான் பேசியிருக்கிறேன், தெரியும்.

இனித்தான் கதை. தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் ஓர் எச்சரிக்கை விடுகிறார்: இந்தத் தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை. நடுவர் அவர்களே, எந்த மாவட்டத்தில் இந்த உத்தரவு? காவிரி பாயும் தஞ்சையில்! வாசலில் வந்து நின்றவரைப் பசியோடு அனுப்பினால் பாவம் என்று நம்பி வாழ்ந்த மண்ணில், சோறு போடுவதைக் குற்றம் என்றார்கள். வெளிப்படையாக விருந்து வைத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? தொண்டர்கள் போகும் சாலையில், மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யாரென்று மரத்துக்குத்தான் தெரியும். மரத்தைக் கைது செய்ய முடியுமா?

அந்தப் பொட்டலத்தைக் கட்டியது ஒரு பெண்ணின் கையாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். விடியும் முன் எழுந்து உலை வைத்து, கட்டுச்சோறு கட்டி, காவலர் கண்ணில் படாமல் கொடுத்தனுப்பிவிட்டு, பிறகு வீட்டுக்காரருக்குப் பழையது பிழிந்து வைத்திருப்பாள். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஏப்ரல் 28 அன்று படை வேதாரண்யம் சேர்ந்தது. 30 அன்று உப்பெடுத்த ராஜாஜி கைதானார். அதற்குள் பதினைந்து நாள் அந்த நூறு பேரையும் நடக்க வைத்தது அவள் வடித்த சோறு.

"ராஜாஜி அழைக்காமல் அந்தப் படை கிளம்பியிருக்குமா?" என்று எதிரணியில் ஒருவர் குறுக்கிட்டார். கிளம்பியிருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் மக்கள் வீட்டுக்குள் முடங்கிவிடுவார்களா? அதற்கும் ஏப்ரலிலேயே பதில் இருக்கிறது.

1919, அதே ஏப்ரல் 13, அமிர்தசரஸ். மூன்று நாள் முன்னதாகவே தலைவர்கள் சத்யபாலும் சைஃபுதீன் கிச்சலுவும் கைது செய்யப்பட்டுத் தர்மசாலாவுக்குக் கொண்டு போகப்பட்டிருந்தார்கள். ஊருக்குத் தலைவர்கள் இல்லை. ஆனாலும் ஜாலியன்வாலாபாக் திடல் நிரம்பியது. வைசாகித் திருநாளுக்காகச் சுற்று வட்டாரத்திலிருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆங்கிலேயப் படை அதிகாரி டயரின் படை எச்சரிக்கை இல்லாமல் சுட்டது. பத்து நிமிடம், 1,650 தோட்டாக்கள். இறந்தவர்கள் 379 என்றது அரசு. ஆயிரம் பேர் அளவுக்கு இருக்கும் என்றது காங்கிரஸ் விசாரணை. அந்த எண்ணிக்கைகூட நமக்கு உறுதியாகத் தெரியாமல் போனதே, அது என் நெஞ்சை அறுக்கிறது.

ககாரினைச் சொன்னீர்கள். மகிழ்ச்சி. அதே ஏப்ரல் 12-ஆம் தேதிதான், 1955-இல், அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் சால்க்கின் போலியோ தடுப்பூசி பயன் தருகிறது என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நடந்த சோதனையில் அமெரிக்காவில் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்றார்கள். பல ஊர்களில், தன் பிள்ளைக்குப் போட்டது மருந்தா, மருந்தில்லாத வெறும் நீரா என்பது தாய்க்குத் தெரியாது. தெரியாமலே கையைப் பிடித்து அழைத்துப் போய் வரிசையில் நின்றாள். சால்க்கை வணங்குவோம்; அந்த வரிசைக்கும் ஒரு மாலை வேண்டாமா?

அம்பேத்கர் பிறந்த நாளைக் குறைத்துப் பேச என் நாக்கு துணியாது. ஆனால் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியதை நினைத்துப் பாருங்கள். அரசியலில் தனிமனித பக்தி வீழ்ச்சிக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று எச்சரித்தவர் அவர். ஏப்ரல் 14 அன்று அவர் சிலைக்கு மாலை போடும் கை, அந்த உரையையும் ஒருமுறை புரட்டட்டும். அவரே எங்கள் அணியில் வந்து அமர்ந்துகொள்வார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. இதோ முடிக்கிறேன். பெயர் கேட்டார் அல்லவா எதிரணித் தலைவர்? ஒரு பெயர் தருகிறேன். வைரப்பன். வேதாரண்யத்து முடிதிருத்தும் தொழிலாளி. உப்புப் போரில் மக்களை அடித்த காவலருக்கு ஊரில் சவரம் செய்வதில்லை என்று கட்டுப்பாடு. சாதாரண உடையில் வந்து ஒருவர் அமர்ந்தார். பாதிச் சவரத்தில்தான் அவர் காவலர் என்று தெரிந்தது. கத்தியை மடக்கினார் வைரப்பன். வழக்கு நீதிபதியிடம் போனது. மீதியைச் செய்து முடி என்று உத்தரவு. அதற்கு அவர், தன் பெட்டியை நீதிபதி முன் வைத்து, "நீங்களே செய்துவிடுங்கள்" என்று சொன்னதாக அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். சிறைக்குப் போனார், சவரம் செய்யவில்லை. வேதாரண்யத்தில் அவருக்கு ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. வருகிற ஏப்ரல் 30 அன்று அங்கே ஒரு மாலை கொண்டு போகப் போகிறேன். எதிரணி நண்பர்களும் உடன் வர வேண்டும்.

நன்றி, வணக்கம்.