ஜூலியா மார்கனும் கம்பி கட்டிய கான்கிரீட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

1906 ஏப்ரல் 18 விடியற்காலை சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் உலுக்கியது. வளைகுடாவின் எதிர்க்கரையில், ஓக்லண்ட் மில்ஸ் கல்லூரியின் 72 அடி மணிக்கூண்டு, உள்ளே தொங்கிய பத்து மணிகளோடு அப்படியே நின்றது. கம்பி கட்டிய கான்கிரீட்டால் கட்டி இரண்டே ஆண்டுகள். வடிவமைத்தவர் ஜூலியா மார்கன். 1904இல் கலிஃபோர்னியாவில் கட்டடக் கலைஞர் உரிமம் பெற்ற முதல் பெண்.

ஏன் நின்றது? செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். பூமி பக்கவாட்டில் ஆட்டும்போது சுவரில் இழுவிசை வரும். கல்லும் சாந்தும் பிரிந்துவிடும். வெறும் கான்கிரீட்டும் அப்படித்தான்: அழுத்தத்தில் தாங்குவதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இழுவையில் தாங்கும். மீதியைக் கம்பி சுமக்கிறது. ஆனால் கம்பி போட்டால் மட்டும் போதாது. இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் போதிய நீளம் ஒன்றோடொன்று படிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கும்போது உருவிக்கொள்ளும். மூடியிருக்கும் கான்கிரீட் மெலிந்தாலோ, மணலில் உப்பு இருந்தாலோ கம்பி துருப்பிடித்துப் பருத்து, உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும்.

இந்தக் கணக்கு மார்கனுக்குக் கைவந்தது, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1894இல் முடித்த சிவில் இன்ஜினியரிங் படிப்பால். அலங்காரம் கற்றது பாரிஸில் எகோல் தே போசார் என்ற கலைப் பள்ளியில். அங்கே நுழைவுத் தேர்வில் முதல் முப்பது பேருக்குத்தான் இடம். முதல் முயற்சியில் 42ஆவது. மூன்றாவதில், 1898இல், 13ஆவது. முப்பது வயதுக்குமேல் அன்று அங்கே படிக்க முடியாது. 1902இல் சான்றிதழோடு வெளியே வந்தார். பலரும் பாரிஸைத்தான் பேசுகிறார்கள். என் கணிப்பில் அவரைத் தூக்கிவிட்டது பெர்க்லி. நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் வெந்த சான் பிரான்சிஸ்கோ ஃபேர்மாண்ட் ஹோட்டலைச் சீரமைக்கும் வேலை அவரைத் தேடி வந்ததற்கு அந்த மணிக்கூண்டும் ஒரு காரணம்.

பிறகு 1919 முதல் 1947 வரை சான் சிமியோனில் பத்திரிகை அதிபர் ஹர்ஸ்டின் மாளிகை. கடலிலிருந்து 1,600 அடி உயரக் குன்று. பொருள்கள் கப்பலில் வந்து மேலே ஏற வேண்டும். மார்கனோ சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தைக் கவனித்துவிட்டு, வார இறுதியில் ரயிலில் சான் லூயிஸ் ஒபிஸ்போ போய், அங்கிருந்து காரில் குன்றேறுவார்.

இத்தனைக்கும் நடுவில் ஹர்ஸ்ட் அடிக்கடி மனம் மாறுவார். நெப்டியூன் நீச்சல் குளம் மட்டும் மூன்று முறை உருமாறி 104 அடி நீளத்தில் நின்றது. கம்பி கட்டிய கான்கிரீட்டை இடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டுவதைவிட அதுதான் கடினம்.