40 டாலரில் நான்கு கோல் தாங்கி (9 டாலர் இன்னும் வழக்கில்)

வணக்கம். இந்த முறை பொருளைக் காட்டிவிட்டுத்தான் பேச்சு. இதோ, தூண்டில் கோல்களைப் படகில் நிறுத்திவைக்க நானே குழாயில் செய்த தாங்கி இதுதான். அழகில்லை என்று எனக்கும் தெரியும். வெள்ளைக் குழாய்க்குப் பச்சைச் சாயம் பூசியும் அது குழாயாகத்தான் தெரிகிறது. ஆனால் சனிக்கிழமை காலை மிசிசிப்பி மாநிலத்தின் கிரெனடா ஏரியில் நான்கு கோல்களையும் நான்கு மணி நேரம் அசையாமல் தாங்கியது.

கடைத் தாங்கியின் விலையைப் பார்த்து நான் போன வீடியோவில் புலம்பியது நினைவிருக்கும். நான்கு கோலுக்கு 280 டாலர்! என் படகோ 14 அடிப் பழைய அலுமினியப் படகு. கழுதைக்குத் தங்கக் கடிவாளம் வாங்க எனக்கு மனமில்லை.

எட்டுக் கோல் வைத்தால் என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். மிசிசிப்பியில் கிரெனடா, எனிட், சார்டிஸ், அர்கபட்லா ஆகிய நான்கு ஏரிகளிலும் ஆளுக்கு 4 கோலுக்குத்தான் அனுமதி. நான் தனியாகப் போகிறவன். கோல்களைப் படகின் முன்பக்கம் விசிறிபோல நீட்டிவிட்டு, மோட்டாரை மணிக்கு அரை மைல் வேகத்தில் விட்டு, இரையாக மாட்டிய மினோ பொடிமீனைக் கிராப்பி என்ற ஏரிமீனின் மூக்குக்கு முன்னால் மெதுவாகக் கொண்டுபோவது. இதைத்தான் ஸ்பைடர் ரிக்கிங் என்கிறார்கள். கோல் ஒவ்வொன்றும் 12 அடி நீளம், கையால் பிடித்திருக்க முடியாது.

சரி, செய்முறை. ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் ஓரடித் துண்டுகள் நான்கு. ஒவ்வொன்றின் முன்முனையிலும் ரீலின் கால் (நூல் சுற்றும் ரீலைக் கோலோடு இணைக்கும் பகுதி) இறங்க 5 அங்குல நீளத்துக்கு ஒரு பிளவு வேண்டும். முதலில் பிளவு முடியும் இடத்தில் முக்கால் அங்குலத் துளை போடுங்கள். பிறகு முனையிலிருந்து துளை வரைக்கும் ரம்பத்தால் இரண்டு கோடு அறுத்தால், நடுப்பட்டை தானாக விழுந்துவிடும். துளை வட்டமாக இருப்பதால் அங்கிருந்து விரிசல் ஓடாது. நான் முதலில் அரை அங்குலப் பிளவு அறுத்தேன். ரீலின் கால் அதில் சிக்கிக்கொண்டது. இரண்டு துண்டுகள் குப்பைக்குப் போயின. நல்லவேளை, குழாய் 10 அடியாகத்தான் விற்கிறார்கள்.

இனி யூ போல்ட் கதை. குழாய்களை மரச்சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கும் U வடிவ போல்ட் அது. குழாய் ஒன்றரை அங்குலம், எனவே ஒன்றரை அங்குல யூ போல்ட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் குழாய் உள்ளே நுழையவே மறுக்கிறது. ஒன்றரை என்பது வெறும் பெயர், வெளிவிட்டம் 1.9 அங்குலம்! அந்தப் போல்ட்டின் அளவோ உள் அகலம். திருப்பிக் கொடுத்துவிட்டு 2 அங்குலம் வாங்கினேன். இப்போது குழாய் அழகாக உட்கார்ந்தது, ஆனால் போல்ட்டின் கால் மரத்துக்கு அடியில் எட்டிப் பார்க்கவே இல்லை. நட்டை எங்கே மாட்டுவது? இரண்டுக்கு நான்கு அங்குலம் என்று விற்கும் மரச்சட்டம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரைதான். அப்படி ஏமாற்றிக் குறைத்த மரத்தைக்கூட அந்தக் கால்கள் தாண்டவில்லை. போல்ட் வந்த அட்டையைக் கிழித்துவிட்டேன், ரசீதையும் காணோம், இதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. போயிற்று 9 டாலர்.

மூன்றாம் முறை குழாய்த் துண்டையும் மரத்துண்டையும் கையிலேயே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் இரண்டையும் வாங்கி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, விரலால் அளந்து, எழுந்து போய் ஒரே நிமிடத்தில் சரியான போல்ட்டைக் கொண்டுவந்து வைத்தார். இதை முதல் நாளே செய்திருக்கலாம், சொல்ல வேண்டாம், தெரியும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பிளவு கீழே பார்த்திருக்க வேண்டும், மரச்சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ரீல் தடையில்லாமல் தொங்கும். யூ போல்ட்டை மட்டும் நம்பினால் குழாய் சுழலும். அதனால் உள்பக்கமிருந்து மரத்துக்குள் ஒரு திருகாணி. வெளியோரக் குழாய் இரண்டையும் சற்றுச் சாய்த்துப் பொருத்துங்கள், நுனிகள் விரிந்து நிற்கும். நட்டு நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும், மோட்டார் அதிர்வில் சாதாரண நட்டு கழன்றுவிடும். சாயமும் அழகுக்காக இல்லை. வெயில் பட்டால் பிவிசி நாளடைவில் நொறுங்கும்.

சரி, ஏரிக்குப் போவோம். மெம்ஃபிஸிலிருந்து ஐ-55 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். வழியில் எனிட் ஏரியின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் வணங்காமல் போகமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். 1957-இல் அந்த அணைக்கட்டில்தான் 5 பவுண்டு 3 அவுன்ஸ் வெள்ளைக் கிராப்பி பிடிபட்டது. அந்த உலகச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். மூன்றாவது கோலின் நுனி லேசாக நிமிர்ந்தது. வளையவில்லை, நிமிர்ந்தது, நூல் தளர்ந்தது. கிராப்பி கீழிருந்து மேலே வந்து கவ்வும், அதனால் ஈயக்குண்டின் பாரம் நுனியிலிருந்து இறங்கிவிடும். இதைத் தெரியாமல் நான் எத்தனை மீனை விட்டிருப்பேனோ! கோலை முன்னால் இழுத்து மேலே தூக்கினேன். ரீலின் கால் பிளவில் உரசாமல் வழுக்கி வெளியே வந்த அந்தச் சத்தம் இருக்கிறதே, சளக் என்று, அதற்காகவே இன்னொரு முறை மாட்டி எடுத்துப் பார்க்கத் தோன்றியது. வெடுக்கென்று சுண்டாதீர்கள், இதன் வாய் காகிதம் மாதிரி, கிழிந்துவிடும். பதின்மூன்றரை அங்குலம்! இங்கே 12 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்ப விட வேண்டும், இது தாராளமாகத் தேறியது. அன்றைக்கு மொத்தம் ஆறு. சுண்ணாம்பு வெள்ளை ரப்பர் இரையை ஒரு மீன்கூடத் தொடவில்லை. எனக்கு அந்த ரப்பர் என்றைக்கும் பிடிக்காது, மீனுக்கும் பிடிக்கவில்லை என்பதில் மகிழ்ச்சி.

கணக்கு: குழாய் 11, மரம் 4, யூ போல்ட் 12, நட்டு திருகாணி வகையறா 6, சாயம் 7. ஆக 40. அந்த 9 டாலரையும் மூன்று நடைப் பெட்ரோலையும் சேர்க்க வேண்டும் என்கிறார் மனைவி. அது கல்விச் செலவு, தாங்கியின் கணக்கில் வராது என்கிறேன் நான். அடுத்த வாரம் அவரும் படகில் வருகிறார், அவர் பங்குக்கு நான்கு கோல், அதற்கு இன்னொரு தாங்கி.

குட்டைக்கால் யூ போல்ட் நான்கும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. முக்கால் அங்குலப் பலகையில் தாங்கி செய்கிறவர் மெம்ஃபிஸ் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சும்மாவே கொடுத்துவிடுகிறேன்.