மிளகு, அக்கானி, கடல்பாசி

(தக்கலை வட்டாரத்துக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நூலகருக்கும், வந்திருக்கும் பெரியவர்களுக்கும், பின்வரிசையில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் வணக்கம். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை மனிதன் கண்டு, பிரித்து வளர்த்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா டச்சுப் படையைத் தோற்கடித்தது 1741-இல். சண்டைக்கு அடியில் இருந்தது மிளகு வியாபாரம். இது உங்களுக்குத் தெரிந்த கதை. அதற்கு 65 வருஷம் முன்னால், 1676-இல், அதே டச்சுக்காரர்களின் நாட்டில் டெல்ஃப்ட் என்ற ஊரில் ஒரு ஜவுளி வியாபாரி மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியவேண்டும். சில வாரம் கழித்து, தானே தேய்த்து உண்டாக்கிய ஒற்றைக் கண்ணாடி வில்லையில் அந்தத் தண்ணீரைப் பார்த்தார். காரத்துக்குக் காரணம் அகப்படவில்லை. தண்ணீருக்குள் எண்ணமுடியாத சின்னஞ்சிறு பிராணிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பெயர் ஆன்டன் வான் லேவன்ஹூக். அந்த மிளகு நம்ம வேளிமலைக் கொடியில் காய்த்தது என்று சொன்னால் கைதட்டுவீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, விட்டுவிடுவோம்.

லண்டனில் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்துக்கு அவர் கடிதம் எழுதினார். முதலில் யாரும் நம்பவில்லை. 1677-இல் ராபர்ட் ஹூக் என்பவர் தானும் மிளகுத் தண்ணீரை வைத்துப் பார்த்து, சொன்னது சரிதான் என்று காட்டினார். சரி, பார்த்தாயிற்று. அப்புறம்? ஏறக்குறைய 180 வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பாடப்புத்தகங்கள் இந்த இடைவெளியை ஒரே தாவாகத் தாவிவிடும். எனக்கு இந்த இடைவெளிதான் முக்கியம். நுண்ணுயிரைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இந்த நுண்ணுயிர்தான் இந்தக் காரியத்தைச் செய்கிறது என்று பிரித்துக் காட்ட ஆள் இல்லை.

இதற்கு நடுவில் நம்ம பனையேறிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். தடவாமல் கட்டினால், பனையிலிருந்து இறக்குவதற்குள்ளேயே அது கள்ளாக ஆரம்பித்துவிடும். காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் இருக்கிற ஈஸ்டும் பாக்டீரியாவும் பதநீரின் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாகவும் அமிலமாகவும் மாற்றுகின்றன. சுண்ணாம்பு பதநீரைக் காரத்தன்மை உள்ளதாக ஆக்குகிறது (மிளகின் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான தன்மை). அதில் அவற்றால் பெருக முடியாது. கருப்பட்டி காய்ச்சுகிற அம்மாவுக்கு இந்த விளக்கம் தெரியாது. ஆனால் சுண்ணாம்பு குறைந்தால் பாகு திரளாது என்பது நன்றாகத் தெரியும்.

பிரான்சில் லூயி பாஸ்டருக்கு வந்ததும் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான். 1856-இல், லீல் நகரத்தில், பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைக்காரர் ஒருவர் அவரிடம் வந்தார். சில தொட்டிகள் புளித்து வீணாகின்றன, ஏன்? பாஸ்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். கெட்ட தொட்டியில் குச்சி குச்சியாக வேறொன்று. உருண்டை சாராயம் தருகிறது, குச்சி புளிப்பைத் தருகிறது. எந்த உயிர் எந்த வேலை என்ற கேள்வி அங்கேதான் சூடு பிடித்தது. பிறகு அன்னத்தின் கழுத்துபோல நீண்டு வளைந்த வாய் உள்ள குடுவையில் சாற்றைக் கொதிக்கவைத்து, தூசி உள்ளே போகாதவரை அது கெடாது என்று நிரூபித்தார்.

ஆனால் கலந்து கிடக்கிற நூறு உயிர்களில் ஒன்றைத் தனியே வளர்ப்பது எப்படி? ஜெர்மனியில் ராபர்ட் கோஹ் இதற்காக உருளைக்கிழங்குத் துண்டை வைத்துப் பார்த்தார், பிறகு ஜெலட்டின் என்ற, எலும்பிலும் தோலிலுமிருந்து எடுக்கும் உறைபொருளைப் பயன்படுத்தினார். கெட்டியான பரப்பில் ஒவ்வொரு உயிரும் தனித்தனிப் புள்ளியாக வளரும். ஜெலட்டின் உடல் சூட்டில் உருகிவிடும். நம்ம ஊர் மார்ச் மாச மத்தியானத்தில் நிற்கவே நிற்காது. போதாக்குறைக்குச் சில பாக்டீரியா அதையே தின்று நீராக்கிவிடும். கோஹின் ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த வால்தர் ஹெஸ்ஸேயும் இதில் மாட்டிக்கொண்டு தவித்தார். வழி சொன்னவர் அவர் மனைவி ஃபேனி. ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சுக் குடும்பத்தாரிடம் கற்று, அவர் வீட்டில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய பொருள் அகர். அதாவது கடல்பாசி. தேங்காப்பட்டணத்திலும் திருவிதாங்கோட்டிலும் நோன்பு திறக்கப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்களே, அதேதான். ஒருமுறை உறைந்தால் 80 டிகிரி தாண்டும்வரை இளகாது. பெரும்பாலான பாக்டீரியாவால் அதைத் தின்னவும் முடியாது.

1882-இல் காசநோய்க் கிருமியை அறிவித்த கட்டுரையில் கோஹ் அகரைப் போகிறபோக்கில் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயர் அதில் இல்லை. 1887-இல் நுண்ணுயிர் வளர்க்கும் மூடிபோட்ட வட்டக் கண்ணாடித் தட்டைப் பற்றி எழுதிய உதவியாளர் பெட்ரியின் பெயர் இன்றும் எல்லாக் கல்லூரியிலும் வழங்குகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

காலராக் கதையும் இப்படியே. இத்தாலியில் பச்சீனி 1854-இலேயே அந்தக் கிருமியைப் பார்த்துவிட்டார், ஒருவரும் காதில் வாங்கவில்லை. 1884-இல் கல்கத்தாவில் கோஹ் அதைத் தனியே வளர்த்துக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, அகருக்கு அடங்காத ஒன்றையும் சொல்லவேண்டும். தொழுநோய்க் கிருமியை நார்வேயில் ஹான்சன் கண்டது 1873-இல், காசநோய்க் கிருமிக்கும் முன்னால். இன்றுவரை அதை எந்தத் தட்டிலும் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கிலும்தான் வளர்க்கிறார்கள். அப்படியிருந்தும் நோயைக் குணமாக்க மருந்து இருக்கிறது: கூட்டு மருந்து, நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருஷமோ. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். தோலில் வெளிறிய தேமலில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் ஒளித்து வைக்காமல் அங்கே போங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம், பிள்ளைகள் முதலில்.