பை எண்ணுக்குள் பாட்டு இருக்கிறதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவே இல்லை. காரைக்குடியிலிருந்து பத்தாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளை எழுதியிருக்கிறாள்: "பை எண்ணின் இலக்கங்களை ஸ்வரங்களாக மாற்றி வாசிக்கிற வீடியோ பார்த்தேன். ரொம்ப இனிமையாக இருந்தது. அப்படியென்றால் பைக்குள்ளேயே ஒரு பாட்டு ஒளிந்திருக்கிறதா?"

பை என்றால் வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருகிற எண், 3.1415... என்று முடிவில்லாமல் போகும். கேள்வியைப் படித்த அன்று ராத்திரியே கீபோர்டை எடுத்து வைத்து உட்கார்ந்துவிட்டேன். மோகன ராகத்தை எடுத்துக்கொண்டேன். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். 0 முதல் 4 வரை ஒரு ஸ்தாயி (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரைக்குமான சுற்று), 5 முதல் 9 வரை மேல் ஸ்தாயி. பத்து இலக்கத்துக்கும் இடம் சரியாக இருக்கிறது. 3, 1, 4, 1, 5 என்று ஆரம்பித்தால் ப, ரி, த, ரி, மேல் ச. நன்றாகத்தான் இருந்தது. அடுத்து, எங்கள் வீட்டு கரண்ட் பில்லில் இருக்கிற மின் இணைப்பு எண்ணை அதே முறையில் வாசித்தேன். அதுவும் நன்றாக இருந்தது! அம்மாவைக் கூப்பிட்டு, எது எது என்று சொல்லாமல் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். கரண்ட் பில்தான் பிடித்திருக்கிறது என்றார்.

காரணம் என்னவென்றால், மோகனத்தின் ஸ்வரங்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதில்லை. ஒரு ஸ்தாயிக்குள் ஸ்வரங்கள் நிற்கக்கூடிய பன்னிரண்டு இடங்களான ஸ்வரஸ்தானங்களில் எந்த இரண்டு மோகன ஸ்வரத்தை எடுத்தாலும் நடுவில் குறைந்தது ஒரு ஸ்தானமாவது காலியாக இருக்கும். அதனால் எதை எப்படித் தட்டினாலும் காதை உறுத்தாது. கீபோர்டில் கறுப்புக் கட்டைகளை மட்டும் ஒரு குழந்தையைத் தட்டச் சொல்லுங்கள், அதுவும் மோகனம்தான். ஆக அந்த வீடியோவில் நீ கேட்ட இனிமை பை கொடுத்ததில்லை அம்மா, ராகம் கொடுத்தது. பையின் இலக்கங்கள் அடுத்து எது வரும் என்று காதுக்கு ஒரு துப்பும் கொடுப்பதில்லை.

நான் பழைய பேச்சுகளிலும் சொல்லிக்கொண்டே இருக்கிற விஷயம்தான், மறுபடியும் சொல்கிறேன். கணக்கு காகிதத்தில் இருந்தால் போதாது, காதுக்குத் தெரிய வேண்டும். அடுத்தது வரும் என்று காது எதிர்பார்க்க வேண்டும், அது வந்து சேர வேண்டும்.

அப்படிப்பட்ட எண் தொடர் உண்டா? உண்டு. விரகாங்கர், ஹேமசந்திரர் தொடர், அதாவது 1202-இல் இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி புத்தகத்தில் எழுதுவதற்கு முன்பே நம் யாப்பு அறிஞர்கள் கண்டுவைத்த தொடர். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நாலு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: ஐந்து. ஐந்து மாத்திரைக்கு எட்டு. முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. ஒலியை எண்ணும்போது கிடைத்த எண்கள் இவை.

இப்போது அதே தொடரை 0, 1, 1, 2, 3, 5, 8 என்று எழுதி, ஒவ்வொன்றையும் ஏழால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வரம் ஏழுதானே. 0 என்றால் ச, 1 ரி, 2 க, 3 ம, 4 ப, 5 த, 6 நி. என்ன வருகிறது பாருங்கள்:

ச ரி ரி க ம த ரி நி
ச நி நி த ப க நி ரி

பதினாறு ஸ்வரம். பதினேழாவதில் மறுபடி ச, ரி, ரி என்று முதலிலிருந்து ஆரம்பித்துவிடும், எத்தனை தூரம் போனாலும் அப்படித்தான். பதினாறு என்றால் என்ன? ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. ஆரம்பப் பாடமான சரளி வரிசையை இரண்டாம் காலத்தில் பாடுகிற மாதிரி ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம் வைத்தால் சரியாக ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று. நாமாக எதையும் வெட்டவோ ஒட்டவோ இல்லை!

இன்னும் இருக்கிறது. மேல் வரியையும் கீழ் வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ரி இருந்த இடத்தில் நி, க-வுக்கு த, ம-வுக்கு ப. சேர்த்துக் கூட்டினால் ச தவிர எல்லாம் ஏழு. இதை எந்த ராகத்தில் வாசிப்பது என்று யோசித்தேன். சங்கீதம் கற்கப் போனால் முதலில் சொல்லிக்கொடுக்கிற மாயாமாளவகௌளையிலேயே வாசித்தேன். அந்த ராகத்தில் ரி சட்ஜத்துக்கு, அதாவது ச-வுக்கு, ஒரு ஸ்தானம் மேலே, நி ஒரு ஸ்தானம் கீழே. க நாலு மேலே, த நாலு கீழே. ம ஐந்து மேலே, ப ஐந்து கீழே. ராகமே கண்ணாடி மாதிரி நிற்கிறது! அதனால் முதல் எட்டு ஸ்வரம் சட்ஜத்திலிருந்து மேலே என்னென்ன தாவுகிறதோ, அடுத்த எட்டை மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்தாயியில், வாசித்தால் அதே அளவு கீழே தாவுகிறது. சட்ஜம் கரை, மேலே கோபுரம், கீழே தண்ணீரில் அதன் நிழல். குரலுக்கு அவ்வளவு கீழே போவது கஷ்டம், கீபோர்டில் வாசித்துப் பார்.

இது ராகத்தின் முழு அழகு என்று சொல்ல மாட்டேன். ஸ்வரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் இல்லாமல் மாயாமாளவகௌளை ஏது? ஆனால் நாலைந்து முறை சுற்றியதும் காது சுற்றைப் பிடித்துக்கொள்கிறது. பையில் அது நடக்காது.

சரி, இந்தப் பிள்ளை என்னிடம் வேறு ஒரு கேள்வி கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்: மிருதங்கக்காரர்கள் ஏன் கணக்கு, கணக்கு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்? மோராவை எடுத்துக்கொள்வோம். ஒரே சொல்லை மூன்று தடவை வாசித்து, நடுவில் இரண்டு இடைவெளி விட்டு, சமத்தில், அதாவது தாளம் மறுபடி தொடங்குகிற இடத்தில், வந்து இறங்குவது. ஆதி தாளத்தில், ஒரு எண்ணிக்கையை நாலாகப் பிரிக்கிற சதுஸ்ர நடையில் ஒரு ஆவர்த்தனம் 32 மாத்திரை. தகதிமி தகஜொணு என்று எட்டு மாத்திரைச் சொல். மூவெட்டு இருபத்துநாலு. மீதி எட்டு, ஆளுக்கு நாலாக இரண்டு இடைவெளி. கச்சிதம். ஆனால் ததிங்கிணதொம், ஐந்து மாத்திரை, மூன்று தடவை பதினைந்து. மீதி 17, இரண்டாகப் பிரியாது. அப்போது சமத்தில் ஆரம்பிக்காமல் தள்ளி ஆரம்பிக்கிறார்கள். பதிமூன்று மாத்திரை விட்டு ஆரம்பித்து, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் சரியாகப் போய் இறங்கும்.

ஒருமுறை கோயில் திருவிழாக் கச்சேரியில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில் சொல் முதல் தடவை வந்தபோது சும்மா இருந்தார். இரண்டாவது தடவை தலை நிமிர்ந்தது. மூன்றாவது தடவை பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார், சமம் அதற்கப்புறம்தான் வந்தது. காதுக்குத் தெரிய வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

காரைக்குடிப் பிள்ளைக்கு ஒரு வேலை தருகிறேன். ஏழு மாத்திரைச் சொல், தகிட தகதிமி. அதே 32 மாத்திரை, மூன்று தடவை, நடுவில் இரண்டு சம இடைவெளி. எந்தெந்த இடத்தில் ஆரம்பித்தால் சமத்துக்கு வரும்? ஒரு விடை இல்லை, பல இருக்கின்றன. காகிதத்தில் போட்டுவிட்டு, கையால் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு எழுது.