போயா நாளில் கொட்டாஞ்சேனை விகாரை: பூசையும் ஆறு திசைகளும்

எல்லோருக்கும் வணக்கம். இன்று போயா, அதாவது இலங்கையில் பௌத்தர்கள் கொண்டாடும் முழுநிலா நாள் விடுமுறை. எனக்குப் பின்னால் தெரிவது கொழும்பு கொட்டாஞ்சேனையின் பௌத்தக் கோவிலான தீபதுத்தமாராம விகாரை. முத்துமாரியம்மன் கோவிலுக்கும் புனித லூசியா பேராலயத்துக்கும் வந்துபோகும் நம்மவர்களில் பலர் இந்த வாசலுக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்திருக்க மாட்டார்கள். இன்று பல நாடுகளில் பறக்கிற பௌத்தக் கொடி முதன்முதலாக ஏறியது இங்கேதான். 1885 ஏப்ரல் 28, புத்தர் பிறப்பை நினைவுகூரும் வெசாக் நாள். ஏற்றியவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் என்ற பௌத்தத் துறவி. வெசாக் பொது விடுமுறையானதும் அதே ஆண்டில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விகாரை என்றதும் நம்மில் பலருக்கு அரசியல்தான் நினைவுக்கு வருகிறது. காரணம் இல்லாமல் வரவில்லை. அந்த வலியை நான் சின்னதாக்கப் போவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்லிக் கும்பிடுகிறார் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே ஓர் ஊரில் வாழ்ந்து முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கும்பிடுகிறவர்களைப் படம் பிடிக்க மாட்டேன். உள்ளே போகும்போது கமெராவை நிறுத்திவிடுவேன்.

இதோ, பூ விற்கும் அம்மாவின் கைகளைக் கொஞ்சம் பாருங்கள். தாமரை மொட்டின் வெளியிதழைப் பெருவிரலால் விரித்து, நுனியை உள்ளே மடித்துச் செருகுகிறார். அடுத்த இதழ். அதற்கடுத்தது. இறுகிக் கிடந்த மொட்டு அவர் கையிலேயே பூவாகிவிடுகிறது. வாங்கியதும் முகர்ந்து பார்க்கக் கூடாது. புத்தருக்கென்று எடுத்துவிட்டால் வாசனையும் அவருக்குத்தான்.

பூவைக் கழுவித் தட்டில் அடுக்கிக்கொண்டு பீடத்துக்குப் போகிறவர் வழியில் நிற்பார். அருகில் இருக்கிற முன்பின் தெரியாதவர்கள் தட்டைத் தொட்டுக் கும்பிடுவார்கள். பூ கொண்டுவராதவருக்கும் அந்தப் பூசையில் பங்கு உண்டு. எனக்கு இந்த வழக்கத்தில் மிகவும் பிடித்தது இதுதான். பூவை வைக்கும்போது, பௌத்த நூல்களின் மொழியான பாளியில் ஒரு பாடல் சொல்கிறார்கள். இந்தப் பூ வாடுவதைப் போலவே என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது என்பது அதன் பொருள்.

நாம் கோவிலில் திருநீறும் தீர்த்தமும் வாங்கிப் பழகியவர்கள். இங்கே பூ வைத்தவருக்குப் பிரசாதம் என்று ஒன்றும் வராது. வரம் கேட்க வேண்டுமா? பல விகாரைகளில் அதே வளவுக்குள் தெய்வங்களுக்கென்று தனிக்கோவில் இருக்கும், அதைத் தேவாலயம் என்கிறார்கள். விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி. நம்முடைய முருகனும் கண்ணகியும்தான், வேறு யாருமில்லை.

வெள்ளை உடுத்தி அரச மரத்தடியில் அமர்ந்திருப்பவர்களில் பலர் சில் எடுத்தவர்கள், அதாவது ஒழுக்க விரதம் ஏற்றவர்கள். கொல்லாமை, களவு செய்யாமை, முறையற்ற காமம் தவிர்த்தல், பொய் சொல்லாமை, போதை தவிர்த்தல் என்ற ஐந்தும் எல்லா நாளுக்கும் உரியவை. போயா அன்று எட்டாகின்றன. மூன்றாவது முழுப் பிரம்மச்சரியமாகிறது. நண்பகலுக்குப் பிறகு சாப்பாடு கிடையாது. ஆட்டம், பாட்டு, அலங்காரம், சொகுசான படுக்கை எதுவும் கிடையாது. தேரர் சொல்லச் சொல்ல, இதைத் தவிர்க்கும் பயிற்சியை நான் ஏற்கிறேன் என்று ஒவ்வொருவரும் தம் வாயாலேயே சொல்கிறார்கள். கடவுள் இட்ட கட்டளை என்று யாரும் சொல்வதில்லை. ஏற்றுக்கொண்டவர்தான் காக்க வேண்டும்.

போயா அன்று மதுக்கடையும் இறைச்சிக்கடையும் மூடியிருப்பதைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. வீட்டுக்குள் நடப்பதை யார் பார்ப்பது?

இங்கேதான் சிகாலனின் கதை வருகிறது. புத்தரின் உரைகளைத் தொகுத்த தீக நிகாயம் என்ற நூலில் இருக்கும் சிகாலோவாத சூத்திரம். ராஜகிருகத்தில் ஓர் இளைஞன் விடியற்காலையில் ஈரத் தலையும் ஈர உடையுமாக நின்று ஆறு திசைகளையும் கும்பிடுகிறான். தந்தை சாகும்போது அப்படிச் செய்யச் சொன்னாராம். புத்தர் அவனைக் கேலி செய்யவில்லை, நிறுத்து என்றும் சொல்லவில்லை. எப்படிக் கும்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். கிழக்கு பெற்றோர். தெற்கு ஆசிரியர். மேற்கு மனைவி மக்கள். வடக்கு நண்பர்கள். மேலே துறவிகள். காலுக்குக் கீழே, நமக்காக வேலை செய்கிறவர்கள்.

காலுக்குக் கீழான அந்தத் திசையைக் கும்பிடுவது எப்படி? பலத்துக்கு ஏற்ற வேலை கொடு. உணவும் கூலியும் கொடு. நோயில் படுத்தால் பார்த்துக்கொள். ருசியானது கிடைத்தால் பகிர்ந்துகொள். நேரத்துக்கு ஓய்வு கொடு. ஐந்தே கடமைகள். அம்மா அப்பாவைக் கும்பிடுவதும் வேலைக்காரருக்கு ஓய்வு கொடுப்பதும் ஒரே வழிபாட்டுக்குள் வந்துவிடுகின்றன.

இப்போது கொழும்பைப் பாருங்கள். மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்திலிருந்து வந்த நம் பெண்கள் எத்தனை வீடுகளில் வேலை செய்கிறார்கள்! கடையிலோ அலுவலகத்திலோ போயா அன்று வேலை செய்தால் மேலதிகச் சம்பளம் உண்டு. வீட்டில் சமைக்கிறவளுக்கு அந்தக் கணக்கே கிடையாது. விடுமுறை என்றால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், விருந்தாளிகளும் வருவார்கள், அவளுக்கு வேலை இரட்டிப்பு. துறவிகளுக்கு உணவு தானம் கொடுக்கிற வீடு என்றால் விடியுமுன்பே அடுப்பு மூட்ட வேண்டும். புண்ணியம் வீட்டாருக்கு, புகை அவளுக்கு. எனக்குக் கோபம் வருகிறது. பௌத்தர் வீட்டை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். தைப்பொங்கலன்று நம் வீட்டு அடுக்களையில் நிற்பது யார்?

கங்காராமய, களனி விகாரைகளுக்கும் போய்ப் படம் எடுங்கள் என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். நிச்சயம் போவேன். அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்கள், போயா அன்று அவருக்கு விடுமுறை உண்டா இல்லையா என்று கமெண்டில் எழுதுங்கள். நீங்களே அப்படி வேலை செய்கிறவராக இருந்தால், இன்றைய நாள் உங்களுக்கு எப்படிப் போனது என்று குரல் பதிவாக அனுப்புங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை, வீடு எங்கே என்றும் சொல்லத் தேவையில்லை. அடுத்த வீடியோவில் நான் பேசப் போவதில்லை, உங்கள் குரல்களைத்தான் போடப் போகிறேன்.