எனக்கு ஊர் எது சார்?

வணக்கம் நேயர்களே.

எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அறைக்கு ஒரு நாள் ஒரு மாணவி வந்தார். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பெண். வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார். கையில் வாக்காளர் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6. பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதியாகிவிட்டது, முகவரிக் கட்டம் மட்டும் காலி. "எனக்கு ஊர் எது சார்? மலையா, ஹாஸ்டலா?" என்று கேட்டார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டுப் போட அக்கறையே இல்லை என்று யாராவது சலித்துக்கொண்டால், எனக்கு அந்தக் காலிக் கட்டம்தான் ஞாபகம் வரும். பாதிப் பேர் தடுமாறுவது அங்கேதான்.

ஓட்டுரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது 1989 மார்ச்சில். அதே வருடம்தான் பழைய வடஆற்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை தனியாகப் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின. மாவட்டக் கோடு எப்படி மாறினாலும், படிக்க இன்னும் வேலூருக்குத்தான் வருகிறார்கள். அதனால் இந்தக் கேள்வி நம் ஊரில் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

பதில் சுலபமானது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர், பெற்றோர் இருக்கும் ஊரிலும் பதியலாம், விடுதி முகவரியிலும் பதியலாம். அவரவர் விருப்பம். விடுதி என்றால், அங்கீகரிக்கப்பட்ட படிப்பாக, குறைந்தது ஓராண்டுப் படிப்பாக இருக்க வேண்டும். இவர் இங்கே படிக்கிறார் என்று முதல்வரோ பதிவாளரோ தரும் போனஃபைட் சான்றையும் இணைக்க வேண்டும். இரண்டு இடத்திலும் பதிவதுதான் கூடாது. ஏற்கெனவே ஊரில் பெயர் இருக்கிறவர் இங்கே மாற்றிக்கொள்ள விரும்பினால் படிவம் 8. மறுபடியும் படிவம் 6 போட்டு, வேறெங்கும் பெயர் இல்லை என்று கையெழுத்திட்டால் அது பொய் உறுதிமொழி. ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

விடுதியில் பதிகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிக்குப் போனால் எம்.பி. மாறிவிடுவார்! காட்பாடி சட்டமன்றத் தொகுதி வேலூர் நாடாளுமன்றத் தொகுதியில் இல்லை, அரக்கோணத்தில் இருக்கிறது. 'வேலூரில் படிக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே அரக்கோணத்துக்கு ஓட்டுப் போடுகிற பிள்ளைகள் உண்டு.

வயதுக் கணக்கும் முன்பு போல இல்லை. 18 முடிந்ததா என்று பார்க்கும் தகுதி நாள் ஜனவரி 1 ஒன்றுதான் என்றிருந்தது போய், 2022இலிருந்து ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று மூன்றும் சேர்ந்து நான்கு நாட்கள். 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். தேர்தல் தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வேட்புமனுவுக்கான கடைசி நாளோடு பட்டியலில் பெயர் சேர்ப்பது நின்றுவிடும். விண்ணப்பத்தின் மீது ஆட்சேபணை கேட்கவும் நாள் வேண்டும் இல்லையா?

நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தவன். 2024 ஏப்ரல் 19, சரியான வெயில். நாலரை மணிவாக்கில் ஒரு பையன் பூத் சிலிப்பும் கல்லூரி அடையாள அட்டையும் கொண்டுவந்தான். இரண்டையும் வைத்து ஓட்டுப் போட முடியாது. வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி பாஸ்புக் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் கல்லூரி அட்டை கிடையாது. "போய் ஆதாரை எடுத்துக்கிட்டு வாப்பா" என்றேன். முகம் சுண்டிப்போய்க் கிளம்பினான். ஆறு மணிக்கு வரிசையில் கடைசியாக நின்றவரிலிருந்து டோக்கன் கொடுத்துக்கொண்டு வந்தோம். முதல் டோக்கன் அவன் கைக்குத்தான் போனது. ஆறுக்குள் வரிசையில் நின்றுவிட்டால் எத்தனை மணியானாலும் ஓட்டு உண்டு.

அப்புறம் வாட்ஸ்அப். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது: பட்டியலில் பெயர் இல்லையா, கவலை வேண்டாம், ஆதாரைக் காட்டி 49ஏ விதிப்படி 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்கள் என்று. 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றிய விதி! சேலஞ்ச் என்பதும் நாம் கேட்டு வாங்குவது இல்லை. வந்திருப்பவர் அந்த ஆள் இல்லை என்று சாவடியில் இருக்கும் வேட்பாளரின் முகவர் ஒருவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பதுதான் அது. பெயர் இருந்து, நம் ஓட்டை வேறு யாராவது முன்பே போட்டிருந்தால் 49பி (49P) விதிப்படி டெண்டர் ஓட்டு, வாக்குச்சீட்டில் போடலாம். பெயரே இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. இதை நம்பி வந்து சாவடியில் என்னோடு சண்டை போட்டவர்களில் படித்தவர்கள்தான் அதிகம்.

வதந்தி எல்லாமே பொய்யாக இருப்பதில்லை, அதுதான் சிக்கல். 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் நிற்கப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. வாக்குப்பதிவு ஏப்ரல் 18. பணம் பிடிபட்டதை வைத்து, இரண்டு நாள் முன்னால் 16ஆம் தேதி ரத்து என்ற அறிவிப்பே வந்துவிட்டது. தேர்தல் ஆகஸ்ட் 5இல் நடந்தது, வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு. நம் ஊரில் இரண்டு மூன்று பெரிய கல்லூரிகளைச் சேர்த்தால் அந்த எண்ணிக்கை தாராளமாகத் தேறும். இப்படிப் பேச்சு கிளம்பினால் நான் தேர்தல் ஆணையத்தின் தளத்தைத்தான் பார்ப்பேன், இல்லையென்றால் வாக்காளர் உதவி எண் 1950க்குப் போன் போடுவேன். வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரமும் அந்தத் தளத்தில் பிரமாணப் பத்திரமாகவே கிடக்கிறது. மீம்ஸ் பார்க்கும் நேரத்தில் பத்து நிமிடம் போதும், படித்துவிடலாம்.

சரி, அந்த மலைப் பெண்ணிடம் வருகிறேன். ஒரு வாரம் யோசித்தார். "ரோடு, பஸ்ஸுன்னு நாங்க கேக்கறது எல்லாம் அங்கதான் சார்" என்று மலை முகவரியையே எழுதினார். செல்போனிலேயே விண்ணப்பித்தாயிற்று. சில நாளில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்கப் போயிருக்கிறார். வாசலில் இருந்தது அத்தை. "அவ இங்க எங்க இருக்கா, வேலூர்ல இல்ல படிக்கிறா" என்று சொல்லிவிட்டார். பொய்யில்லைதான். ஆனால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

மறுபடி விண்ணப்பித்தார். இந்த முறை, விண்ணப்ப எண் வந்ததும் அவர் முதலில் கூப்பிட்டது அத்தையைத்தான்.